பின்வாசல் மூட்டைகள்

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் விசைத்தறிகள் ஓடின. பின்வாசலை அடைத்து என் கணவர் நூல் மூட்டைகளை அடுக்கிவைப்பார்.

“தீப்பிடிச்சா பிள்ளைகளோட எப்படிங்க வெளிய போறது?” என்று கேட்டுக் கேட்டே எனக்கு வாய் வலித்தது.

“பிடிக்கும்போது பாத்துக்கலாம், போ” என்பார்.

ஒருநாள் மத்தியானம் அவர் வெளியே போயிருந்தபோது தறி மோட்டாரில் தீப்பிடித்தது. முன்பக்கம் முழுக்கப் புகை. பின்வாசலுக்கு ஓடி மூட்டைகளை இழுத்தேன். பதற்றத்தில் ஒன்றைக்கூட நகர்த்த முடியவில்லை. இரண்டு பிள்ளைகளும் இருமி இருமித் துவண்டார்கள். அப்போது, எங்களோடு பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வீட்டுக்காரி கூரை ஓடுகளைப் பிரித்துத் தலையை நீட்டினாள்.

“பிள்ளையத் தூக்கிக் குடு தாயி!”

பின்வாசலை ஒட்டிய அடுப்பு மேடையில் ஏறி இருவரையும் கொடுத்தேன். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

ஓடி வந்த கணவர் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் தறி மறுபடி ஓடத் தொடங்கியதும் புது மூட்டைகள் பின்வாசலுக்கே வந்தன.

“வேற எங்க வைக்கச் சொல்றே?” என்றார்.

நான் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தெருவுக்கு உருட்டித் தள்ளினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

வாயால் சொல்லிக்கொண்டிருப்பதையே முன்னேற்பாடு என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் மேல் வந்ததைவிட என் மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.