சம்புக்காட்டு முனி

ராசிங்காபுரம் கண்மாய் ஓரம் ஆளுயரச் சம்புக் கோரை மண்டிக் கிடந்த பள்ளத்தை ஒட்டித்தான் அன்னக்கொடியின் அரை ஏக்கர் நெல் வயல். புருஷன் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. மாதம் ஒருமுறை ஜீப்பில் இறங்குவார். வயல் முழுக்க அவள் பொறுப்பு.

1978 மழைக்காலத்தில் சம்புக்குள்ளிருந்து “ஊம்… ஊம்” என்று ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. முனி என்றார்கள். களையெடுக்க ஒத்துக்கொண்ட பெண்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். பத்து நாளில் களை எடுக்காவிட்டால் அந்த வருஷத்துச் சோறு போச்சு. கரையில் கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கும்பிட்டும் பார்த்தார்கள். முனகல் கூடியதே தவிரக் குறையவில்லை.

அன்னக்கொடிக்கு எரிச்சலாக வந்தது. “முனிக்கு மழைக்காலத்துல மட்டுந்தான் சோலியா?” என்று கேட்டாள்.

மறுநாள் விடியலில் பன்னரிவாளோடு போனாள். நிமிர்ந்து நடந்தால் சத்தம் அடங்கியது. குந்தி உட்கார்ந்து மாட்டுக்குப் புல் அறுத்தால் அடங்கவில்லை. விஷயம் பிடிபட்டது: உள்ளே இருப்பது ஆளைக் கண்டு பயப்படுகிற ஏதோ உயிர். தினமும் அறுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தாள். ஆறாம் நாள் பார்த்துவிட்டாள்: கன்னங்கரேலென்று ஒரு தண்ணிக்கோழிச் சேவல், நெற்றியில் கொம்பு மாதிரி சிவப்பு. கழுத்தை உப்பி உப்பிக் கூப்பிட்டது. சற்றுத் தள்ளி, சம்பை மடக்கிக் கட்டிய கூட்டில் தவிட்டு நிறப் பெட்டை முட்டைமேல் இருந்தது.

கோழிதான் என்று ஊரெல்லாம் சொன்னாள். பெண்கள் வந்தார்கள். இரண்டே நாளில் களை முடிந்தது. அன்னக்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் கொழுந்தன் சின்னமுத்து நாலு பேரோடு கண்ணி எடுத்து வந்தான்.

“முனி இல்ல, கோழின்னு நீதானே மதினி ஊரெல்லாம் சொன்ன? கோழின்னா கறிதானே?”

இத்தனை நாள் அந்தக் கூட்டைக் காத்தது ஊரின் பயம். அதை அவளேதான் விரட்டியிருந்தாள். மறுபடி முனி என்று புளுக மனம் வரவில்லை. சம்புக்குப் போக அவள் வரப்பு ஒன்றுதான் வழி. அதன் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“வரப்பு என்னுது. குஞ்சு பொரிச்சு எறங்குற வரைக்கும் இங்கனதான் இருப்பேன். போறவன் என்னையத் தாண்டிப் போ.”

யாரும் தாண்டவில்லை. பதினேழு நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இருந்தாள். களையெடுத்த பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். ராத்திரிக் காவலைப் பாம்புப் பயம் பார்த்துக்கொண்டது. கடைசி நாள் காலையில் கறுத்த குஞ்சுகள் பெட்டையின் பின்னால் வரிசையாகத் தண்ணீரில் இறங்கின. அன்னக்கொடி எழுந்தாள், முழங்கால் நிமிரக் கொஞ்ச நேரமானது.

அடுத்த மழைக்கும் சம்புக்குள் சத்தம் கேட்டது. சின்னமுத்து கண்ணியை எடுக்கவில்லை. முனி என்றால் பூசை போட்டுச் சமாளித்திருப்பான். மதினிக்கு என்ன போட்டுச் சமாளிப்பது?