சூட்டையும் எழுது

என் மகள் சமன்பாடுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். “கால்சியம் ஆக்சைடும் தண்ணியும் சேர்ந்தா கால்சியம் ஹைட்ராக்சைடு. இது சேர்க்கை வினை.” அடுப்படியில் நின்ற எனக்குச் சட்டென்று சுண்ணாம்பு நீறும் வாசனை வந்தது.

என் சின்ன வயதில், கருங்கல் என்ற ஊர்ப் பக்கம், எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க இரண்டு வீட்டுக்குமாக ஒரே டிரம்மில் சுண்ணாம்பு நீற்றுவார்கள். அந்த வருஷம் எல்லையில் நின்ற பலா மரத்துக்காக அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அதுவோ ஒருநாளும் காய்க்காத மரம். ஆனாலும் டிரம்மைப் பிரிக்க இருவருக்கும் மனசு வரவில்லை.

சித்தப்பா தண்ணீர் ஊற்றினார், அப்பா கம்பால் கிளறினார். நடுவில் ஆறாம் வகுப்புப் படித்த நான்.

“மக்கா, தண்ணி போதும்னு அவன்ட்ட சொல்லு,” என்றார் அப்பா.

“ஏட்டி, இன்னும் வேணும்னு உங்கப்பாட்ட சொல்லு,” என்ற சித்தப்பா, வீம்புக்கு இன்னொரு வாளியைக் கவிழ்த்தார். டிரம் உறுமியது. வெள்ளைக் குழம்பு கொதித்துப் பொங்கியது.

“லேய், கண்ணுல தெறிக்கும், தள்ளி நில்லுலே!” அப்பா கத்திக்கொண்டே அவரைப் பிடித்து இழுத்தார்.

சித்தப்பா அப்பாவின் கையைப் பார்த்தார். “ஒனக்குல்லா பட்டிருக்கு, அண்ணே!” என்று தேங்காய் எண்ணெய் எடுக்க எங்கள் வீட்டுக்குள் ஓடினார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எங்கள் வாசற்படியை மிதித்தார்.

மகளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். “சூடு வரும்லா, அத எழுதலியே?”

“எழுதாட்டாலும் ரெண்டு பக்கமும் சமம்தாம்மா.”

“இருக்கட்டும். அதையும் எழுது மக்கா.”