பன்னிரண்டு வாய்ச் சோறு

ஜெபகுமார் வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, அவனுக்குக் காதில் ஏதோ கோளாறு என்றுதான் எங்கள் தெருவில் பலரும் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. ஒரகடத்தில் கார் கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக் பலகை செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் ஒன்பது வருடம் பார்த்தது காது வேலை. லைனின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை இருக்கும். பலகையை மேடையில் மாட்டிக் குலுக்குவார்கள். எங்காவது கடகடவென்றோ கிரீச்சென்றோ கேட்கிறதா என்று இவன் கவனிக்க வேண்டும். கேட்டால் சிவப்பு அட்டை மாட்டுவான். அட்டை விழுந்த பலகை நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே அதை உடைத்து ஸ்கிராப்பில் போட்டுவிடுவார்கள்.

நானும் அவனும் பத்தாவது வரை ஒரே வகுப்பு. பிறகு அவன் ஐடிஐ போனான், நான் இன்ஜினியரிங் போனேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் அப்பா. எனக்கும் அதில் வெட்கமில்லை. சட்டம் மாட்டிய நாளிலிருந்து ஜெபகுமார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். "இன்ஜினியரு" என்பான், பாதி கிண்டலாக, பாதி பெருமையாக. நிரந்தர வேலை என்பதை ஊரே கும்பிடுகிற இடத்தில் வளர்ந்தவன் நான். அதை ஒருவன் தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான் என்பது எனக்குப் பிடிபடவில்லை. நேராகவே கேட்டேன்.

"ஒம்போது வருசமா சத்தம் வரக் கூடாதுன்னு காதை வெச்சிகினு இருந்தேன்டா," என்றான். "இனிமே சத்தம் வரணும்னு வெச்சிக்கப் போறேன்."

சிறு வயதிலிருந்தே சர்ச்சில் மைக்செட் பொறுப்பு அவனுடையது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது பின்சீட்டில் யாராவது பாடினால் திரும்பி உட்கார்ந்துகொள்வான். இங்கே எத்தனை மாவட்டத்து ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டு இருக்கிறது, ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் அதுவும் இறங்கிப் போய்விடுகிறது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். அவர்களை வீட்டில் வைத்தே பதிவு செய்து, கேட்கிற மாதிரி ஒழுங்கு செய்து கொடுப்பதுதான் அவன் திட்டம்.

திட்டத்தோடு சட்டதிட்டங்களும் இருந்தன. பொய் பேசுகிற குரலுக்கு மைக் கிடையாது. அவன் மனைவி மெர்சியின் அண்ணன் வேல்ராஜ், ஒரகடத்திலேயே இன்னொரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் ஒருமுறை வீட்டுமனை விளம்பரம் பேச ஆள் கூட்டிவந்தார். ஏரிக்குள் கல் நட்டுவிட்டு ஏரிக்கரை என்று பேசச் சொல்கிறார்களே என்று ஜெபகுமார் டீ கொடுத்து அனுப்பிவிட்டான். இன்னொரு சட்டம், தப்போடு எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. அதை என் முன்னாலும் வேல்ராஜ் முன்னாலும் மெர்சியிடம் சத்தியம் மாதிரியே சொன்னான். கம்ப்ளைண்ட் என்று ஒன்று வந்தால், ஒன்றே ஒன்று வந்தால் போதும், அன்றைக்கே மைக்கைக் கட்டி வைத்துவிட்டுக் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிடுவானாம். நாங்கள் மறந்தாலும் வேல்ராஜ் மறக்கிற ஆள் இல்லை.

அவனுடைய ஸ்டுடியோவைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு மைக், கையடக்கமான ஒரு சவுண்ட் கார்டு, லேப்டாப், பெரிய ஹெட்போன், அவ்வளவுதான். எதிரொலி வராமல் இருக்க மெர்சியின் பீரோவை விரியத் திறந்து வைத்து, தொங்குகிற புடவைகளைப் பார்த்துத்தான் பாட வேண்டும். காற்று மைக்கில் மோதாமலிருக்க, எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டியிருந்தான். கல்யாணப் புடவைமேல் ஊர் எச்சில் எல்லாம் தெறிக்கிறது என்று மெர்சி சொல்லிக்கொண்டே இருப்பாள், ஆனால் பீரோவைப் பூட்டமாட்டாள். பீரோக் கதவின் உள்பக்கம் கம்பெனி பஸ்கள் தெருமுனையில் திரும்பும் நேரங்களை எழுதி ஒட்டியிருந்தான். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில்தான் பாட்டு. கம்பெனி ஞாபகமாக எடுத்துவந்த ஒரு சிவப்பு அட்டையும் அங்கே தொங்கியது.

ஏழு மாதம் நன்றாகத்தான் போயிற்று. எட்டாவது மாதம் முப்பிடாதி வந்தாள்.

முப்பிடாதிக்குத் தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை பார்க்கிறாள். மூன்று வயது மகன் ஊரில் அக்கா சசிகலாவிடம் இருக்கிறான். ராத்திரிச் சோறு அவனுக்கு அம்மா பாட்டு இல்லாமல் இறங்காது. அந்த நேரத்தில் இவள் ஷிப்டில் இருப்பாள், போன் லாக்கரில் இருக்கும். அதனால் பாட்டைப் பதிந்து அக்காவுக்கு அனுப்பிவிட்டால் தேவலை என்றாள்.

பாட்டு என்றால் அவளே கட்டியது. ஒண்ணாம் வாய் ஓணானுக்கு, ரெண்டாம் வாய் ரெட்டைவாலுக்கு என்று பன்னிரண்டு வாய். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நாக்கைச் சொடுக்குவாள், சும்மா இருப்பாள், மூச்சு விடுவாள். லீவு நாளில் மட்டும் போடுகிற கண்ணாடி வளையல் குலுங்கும். மொத்தம் ஏழு நிமிடம்.

ஜெபகுமார் இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தான். வளையல் போயிற்று. நாக்குச் சொடுக்கு போயிற்று. மூச்சு ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்தான். வாய்க்கும் வாய்க்கும் நடுவில் இருந்த சும்மாவை எல்லாம் வெட்டி ஒட்டினான். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஏழு நிமிடம் மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்திருந்தது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வேஸ்ட் டைம் என்றால் வெட்ட வேண்டும் என்று படித்தவன்தானே நானும். முதல் பதிவை என்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்டதே தப்பு என்பது போலப் பார்த்தான். ஸ்கிராப்பை யாராவது வைத்திருப்பார்களா? அழித்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு பகல் நான் அங்கே இருக்கும்போதே முப்பிடாதி வந்தாள். சண்டைக்கு வரவில்லை. தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். சசிகலாவின் குரல் பேசியது.

"ஏட்டி, யாரு பாடுனது இது? பிள்ள போனைத் திருப்பித் திருப்பிப் பாத்து அம்மா எங்கங்கான். அவன் மெல்லுததுக்குள்ள அடுத்த வாய் வந்துருது. நாலாம் வாய்லயே புரை ஏறிட்டு."

"நாந்தான் சரியாப் பாடல போலண்ணே," என்றாள் முப்பிடாதி.

அவள் அவனைத் திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஹெட்போனில் மூன்று தடவை சசிகலாவின் குரலைக் கேட்டான். எழுந்து போய்ச் சிவப்பு அட்டையை எடுத்து மைக் கழுத்தில் மாட்டினான். வேல்ராஜ் தன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாளைதான் திங்கள். மச்சானிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு என்றான் மெர்சியிடம்.

மெர்சி அடுப்படியிலிருந்து நகரவில்லை. "ஏங்க, உங்க கம்பெனியில கம்ப்ளைண்ட் வந்தா இன்னா பண்ணுவீங்க? கம்பெனியையே மூடிடுவீங்களா?"

"மூடுவாங்களா? வேற பீஸ் அனுப்புவோம்."

"அப்ப அனுப்புங்க."

அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்து மூடினான். பிறகு வேறு பீஸ் செய்யப் பழையது இல்லையே, நானே உடைத்துவிட்டேனே என்றான். அதற்கென்ன, அவள் இங்கேதானே நிற்கிறாள் என்றாள் மெர்சி.

நின்றாள்தான். ஆனால் பாட்டு வரவில்லை. ஒரு வாரமாக அந்த வெட்டிய பாட்டையே போனில் கேட்டுக் கேட்டு முப்பிடாதிக்கும் அந்த வேகம் பிடித்துக்கொண்டது. நிறுத்தி நிறுத்திப் பாடம்மா என்று ஜெபகுமார் சொன்னால், எவ்வளவு நிறுத்துவது என்று கேட்கிறாள். எதிரில் ஆள் தின்றால்தானே தெரியும் என்றாள் கடைசியில்.

மெர்சி ஒரு தட்டில் தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். ஜெபகுமார் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பீரோவுக்கும் முப்பிடாதிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மைக்குக்குப் பக்கத்தில் காதில் ஒன்றும் இல்லாமல் அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போன தடவை வளையல் சத்தத்தை வெட்டியதை நினைத்தோ என்னவோ, முப்பிடாதி வளையலைக் கழற்றப் போனாள்.

"போட்டுகினே பாடும்மா," என்றான்.

இரண்டு மணி பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். முதல் முயற்சி இரண்டாம் வாயிலேயே நின்றது. பசியோ பதற்றமோ, ஜெபகுமார் லைனில் நின்று சாப்பிடுகிறவன் மாதிரி அள்ளி விழுங்கினான்.

"அண்ணே, பிள்ள இப்படியா முழுங்குவான்? கன்னத்துல ஒதுக்கி வைப்பாம்லா. ஒதுக்குங்க."

ஒதுக்கினான். ஒண்ணாம் வாய் ஓணானுக்குப் போயிற்று. முப்பிடாதி அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மென்று முடிக்கும்வரை சும்மா இருந்தாள். நாக்கைச் சொடுக்கினாள், வளையல் குலுங்க அடுத்த கவளத்தைக் காட்டினாள். ஐந்தாம் வாய்க்குப் பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஜெபகுமாரை அல்ல என்று எங்களுக்கே தெரிந்தது. ஒன்பதாம் வாயில் மெர்சி சிரிப்பை அடக்க முடியாமல் பீரோப் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் வாய் முடிந்து பொத்தானை நான் நிறுத்தவும் தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

லேப்டாப்பில் போட்டுக் கேட்டோம். பாட்டுக்கு நடுவே ஜெபகுமார் மெல்லுகிற சத்தம் சவக் சவக்கென்று தெளிவாக விழுந்திருந்தது. அவன் கை தன்னாலே வெட்டுகிற இடத்துக்குப் போயிற்று. பாதியில் நின்றது. ஒன்பது வருடம் எது தப்பு என்பதைக் கம்பெனியின் விதிப் புத்தகம் சொல்லியிருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டி வந்ததில்லை. அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்து கேட்டான்.

"இந்த மெல்ற சத்தம் கீதே, இது தப்பாம்மா?"

முப்பிடாதி இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள். "கிடக்கட்டும்ணே. அவனுக்குத் தொணைக்கு ஒரு ஆளு."

அப்படியே அனுப்பினான்.

திங்கட்கிழமை காலை, ஷிப்டுக்குப் போகிற வழியில் வேல்ராஜ் யூனிஃபார்மோடு ஜெபகுமார் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். பதில் கேட்காமல் போகமாட்டார் என்று தெரிந்தது. வேலைக்குக் கிளம்பிய நானும் நின்றேன். ஜெபகுமார் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பிடாதியிடமிருந்து சசிகலாவின் குரல் வந்து சேர்ந்தபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"பன்னெண்டு வாயும் தின்னுட்டாம்ட்டி. கூட யாரோ ஒரு மாமா தின்னுதாவல்லா, அவுகளுக்கு முந்தி முடிக்கணுமாம், அவன் போட்டியில இருக்கான். இப்பம் பதிமூணாம் வாய் எங்கன்னு கேக்கான். நான் எங்க போக?"

வேல்ராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு மெர்சி அந்த மாமா?"

மெர்சி தாடையால் புருஷனைக் காட்டினாள்.

"இதுக்குத்தான் வேலையை வுட்டியா மாப்ள?" என்றார். குரலில் கோபம் இல்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

"அந்த எடத்துக்கு வேற ஆள் பாரு மச்சான்," என்றான் ஜெபகுமார். "எனக்குப் பதிமூணாம் வாய் பாக்கி கீது."

வேல்ராஜ் எழுந்து பஸ்ஸுக்குப் போனார். ஜெபகுமார் மைக் கழுத்திலிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றினான். அதன் பின்பக்கம், பாடினவரைக் கேட்காமல் வெட்டக் கூடாது, முதல் பதிவை அழிக்கக் கூடாது என்று எழுதி, பஸ் நேரத்துக்குக் கீழே ஒட்டினான். கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தது. இன்ஜினியர் எழுதித் தரவா என்று கேட்டேன். வேண்டாம், இது என் லைன் என்றான்.

அடுத்த ஞாயிறு முப்பிடாதி வருகிறாள் என்று மெர்சி ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள்.