மூக்கில்லாத ராஜாவும் மாவு மாப்பிள்ளையும்

மாமனாரைக் கைநீட்டி அடித்துவிட்டு மாப்பிள்ளை ஓடிப்போனாராம்! சொல்கிற வாய்க்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும். அடிக்கிற ஆளாக இருந்திருந்தால் கல்யாணமான முதல் வாரமே அடித்திருப்பார். அத்தனை பேச்சு அந்த வீட்டில் வாங்கியிருக்கிறார். நன்றி கெட்டவர் என்றும் சொல்கிறார்கள். எதற்கு நன்றி? "மாவு மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி தினமும் கத்தினாரே மாமனார், அதற்கா?

அவருக்கு மியூசியத்தில் வேலை. பழைய சிலைகளுக்கு அச்செடுத்து, பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அச்சு அசலாக இன்னொரு சிலை செய்வார். வாசலில் வைக்கவும், வருகிறவர்களுக்கு விற்கவும் அது ஆகும். வீடு திரும்பும்போது புருவம்வரை வெள்ளை. வீட்டோடு மாப்பிள்ளை வேறா, அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

அந்த மியூசியத்தின் மூலையில் ஒரு கல் ராஜா கிடந்தார். ஏதோ ஒரு காலத்து நாட்டைக் கொஞ்ச நாள் ஆண்டவர். அவருடைய அப்பாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், தம்பியைப் பற்றியும் அப்படியே. நடுவில் இவரை விட்டுவிட்டார்கள். கல்லில் பெயர் பாதிதான் மிச்சம். முகத்தில் மூக்கு இல்லை.

ஒருநாள் பெரிய அதிகாரி வந்து நின்றார்.

"இந்த ஆளையும் ஒரு காப்பி எடுப்பா. ஆனா மூக்கில்லாத ராஜாவை எவன் வாங்குவான்? ஒரு மூக்கு வச்சு விடு."

"எப்படிப்பட்ட மூக்குங்க?"

"ராஜா மூக்கா வை. இதுகூடவா நான் சொல்லணும்?"

களிமண்ணைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் அமையவில்லை. கடைசியில் கையை அதன் போக்கில் விட்டார். பாந்தமாக உட்கார்ந்துவிட்டது. நடுவில் ஒரு மேடு, நுனி கீழே வளைந்து, யாரையும் மதிக்காத மூக்கு. தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே இருந்து தன்னைப் பார்த்துச் சுளிக்கிற மூக்கு அது என்று அப்போது உறைக்கவில்லை. பிடித்த முகம்கூட மறந்துபோகும், பிடிக்காத முகம் விரல்நுனிவரை இறங்கிவிடும் போலிருக்கிறது. வேண்டுமென்றே கேலி செய்தார் என்று ஒரு கட்சி, மாமனாருக்குக் காக்கா பிடித்தார் என்று இன்னொரு கட்சி. இரண்டும் கிடையாது.

சிலையைப் படம் பிடித்து, பஸ் நிற்கிற இடமெல்லாம் ஒட்டினார்கள். முடிவெட்டுகிறவர்தான் முதலில் பார்த்தார்.

"பெரியவரே, உங்க படத்தை ஊரெல்லாம் ஒட்டியிருக்காங்களே!"

போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாமனாருக்கு நடையே மாறிவிட்டது. "நம்ம பரம்பரை லேசுப்பட்டதில்ல, ரத்தம் பேசுது பாரு" என்று டீக்கடையில் பேச்சு. வீட்டில், "ஏய் மாவு, ராஜா வீட்டுல சாப்பிடுற, நிமிர்ந்து உக்காரு" என்று அதட்டல். அன்றைக்குத்தான் மாப்பிள்ளை எதிரே இருந்த முகத்தை உற்றுப் பார்த்தார். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

பிறகு ஒரு புது அதிகாரி வந்தார், கறாரான அம்மா.

"அந்த மூக்கு எங்கிருந்து வந்தது? பழைய படம் ஏதாவது பார்த்து வச்சீங்களா? நாளைக்கு எனக்குப் பதில் வேணும்."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். மாமனார் காதிலும் விழுந்தது.

"படம் இருந்துச்சு, கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிடு."

"பொய்ங்க மாமா. அது உங்க மூக்கு. தெரியாம வச்சுட்டேன்."

"என் மூக்குன்னுதானே நானும் சொல்றேன்! அதுல உளி பட்டுச்சு, அப்புறம் உனக்கு இந்த வீடு கிடையாது."

"அப்பா சொல்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னா என்னங்க குறைஞ்சிடும்?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை கல் ராஜாவின் முன்னால் போய் நின்றார். பெயரில் பாதி போயிற்று, கதை முழுக்கப் போயிற்று. அந்த மனிதருக்கென்று மிஞ்சியது உடைந்த முகம் ஒன்றுதான். அங்கேயும் மாமனார் வந்து காலை நீட்டிக்கொள்வதா?

"என் மாமனார் மூக்குங்க அம்மா" என்றார் அதிகாரியிடம்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இன்னைக்கே எடுத்துடுங்க."

மியூசியம் வாசலில் நின்ற காப்பியிலிருந்து அந்த மூக்கை, போகிறவர் வருகிறவர் பார்க்க, உளியை வைத்துச் செதுக்கி எடுத்தார். அவர் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. மாமனார் நிலைப்படியில் நின்றார்.

"ஊர் பார்க்க என் மானத்தைச் செதுக்கிட்டு வந்துட்டியா?"

"உங்களுது உங்ககிட்டதான் இருக்கு மாமா."

"வெளிய போடா!"

மாப்பிள்ளை உள்ளே போய்ச் சட்டைகளைச் சுருட்டிக் மாவு பூசுகிற கரணை வைக்கும் பைக்குள் திணித்தார். மனைவி தட்டோடு வந்தாள்.

"சாப்பிட்டுட்டாவது போங்க..."

"தட்டை வச்சேன்னா நீயும் அவன் பின்னாடியே போயிடு" என்றார் மாமனார்.

"வர்றியா?" என்று அவளைக் கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஒரு விரல்கூட ஓங்கவில்லை. அத்தனை ஜன்னலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"கதவைச் சாத்து" என்றார் மாமனார். அவள் தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.