பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்?

என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தார். யுத்தம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். அங்கே அவரோடு இருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் திரும்பி வந்து, பென்னாகரத்தில் எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து ஒரு சேதி சொன்னார். துரை என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆகாய விமானத்தில் சிங்கப்பூர் போய்விட்டாராம்.

சிரிப்பதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பூர் மலையில் பஸ் ஒரு வளைவு வளைந்தாலே வாந்தி எடுக்கிற மனுஷன்!

"எவ்ளோ தூரமுங்க?" என்றேன்.

"இங்கிருந்து மதராஸ் போயித் திரும்பி வர்ற தூரம் இருக்குமுங்க."

"எத்தினி நாளாவும்?"

"நாளா? காலையில பலகாரம் தின்னுட்டு ஏறுனா உச்சிச் சோறு அங்கீங்க."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. உச்சிக்குள் மதராஸ் போய்த் திரும்புவதாவது! ஆனால் ஆளைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகவும் தெரியவில்லை. அவர் சொன்னது நிஜமென்றால், அவர் கப்பலில் வந்து சேர்வதற்குள் என் வீட்டுக்காரர் எப்போதோ இறங்கியிருக்க வேண்டுமே?

என் மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார். "எம் மவன் எறங்குனத நீ பாத்தியாப்பா?"

"ஏறுனதத்தான் பாத்தனுங்க ஆத்தா."

"அப்ப இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கான்." என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி மூலையில் சாத்திவிட்டார். பயணம் போனவர் ஊர் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது. பிணம் போன வீட்டைத்தான் ஆள் போன கையோடு கூட்டுவார்கள்.

வீடெல்லாம் தூசியும் கேழ்வரகு உமியும். நாலைந்து நாளில் எங்களுக்குள் பெரிய சண்டை. "உச்சிக்கே எறங்கியாச்சு அத்தே!" என்று நான் கத்த, "சேதி வரட்டும்" என்று அவர் பிடித்த பிடியில் நின்றார். கடைசியில், அவர் மகன் புறப்பட்ட அன்று நின்ற வாசற்படியோரம் ஒரு முழ இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுவது என்று முடிவானது.

அப்புறம் ஜப்பான்காரன் வந்துவிட்டான். தபால் இல்லை, கப்பல் இல்லை. சிங்கப்பூரில் குண்டு விழுந்தது என்றார்கள். போகாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாரோ என்று நினைத்தால், பினாங்கிலும் விழுந்ததாம். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த முழ இடத்தில் தூசி ஏறிக்கொண்டே போனது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வந்தன. அவர் வரவில்லை. ஒருநாள் நான் காட்டில் களை வெட்டிவிட்டுத் திரும்பியபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது. மாமியார் கையில் விளக்குமாறு.

"எதுக்கத்தே கூட்டுனீங்க? சேதி வந்துச்சா?"

"இல்ல. எத்தினி வருசந்தான் அவன வானத்துலயே நிறுத்தி வெக்கறது? எறங்கட்டும்னு கூட்டுனேன்."

மகன் ஊர் சேர்ந்துவிட்டான் என்கிறாரா, செத்துவிட்டான் என்கிறாரா? "அப்ப நான் பொட்டு வெச்சுக்கறதா, அழிக்கறதா? அதச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டார். "எறங்குனவன் வூட்டுக்கு வர வேணாமா? வெச்சுக்க கண்ணு." சொல்லிவிட்டு, கூட்டிய இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

நான் வைத்துக்கொண்டேன்.