அலமாரியில் ஐந்து, பட்டியலில் நான்கு

பொட்டலத்தைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காலாவதித் தேதியைப் படிக்கிறார் கோ யுவே-சியா. சர்வர் அலமாரியின் தலைமேல் இருக்கும் பச்சை நிறத் தேங்காய்ப்பொரிப் பொட்டலம் அது. எந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க எல்லாரும் வைப்பதுதான். தேதி தாண்டியிருந்தால் அவர் வேலையைத் தொடமாட்டார். பையிலிருந்து புதியதை எடுத்து வைத்துவிட்டு, பழையதைப் பிரித்துத் தின்னத் தொடங்குவார். "நமத்துப் போனா என்ன? வயித்துக்குத் தேதி படிக்கத் தெரியுமா?"

வயது ஐம்பத்து மூன்று. தைவானின் மியாவ்லி வட்டாரத்தில் மருத்துவமனை, மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூடம் என்று யார் கூப்பிட்டாலும் ஸ்கூட்டரில் போய் நிற்பார். டேட்டாபேஸ் சர்வர்களை பேக்கப் மென்பொருளோடு இணைத்துக் கொடுப்பது தொழில். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு குட்டி நிரலை உட்கார வைப்பார். அது தினமும் தன் அடையாள எண்ணைச் சொல்லி ஆஜர் கொடுக்கும். மென்பொருள் வந்து அன்றைய தகவலை நகலெடுத்துப் போகும். திரையில் ஒரு பச்சை டிக் விழும்.

அந்த டிக்கை அவர் நம்பியதே இல்லை. "டிக்கு யாரு வேணா போடலாம். செத்தத எழுப்பிக் காட்டு, அப்புறம் பேசு."

எழுப்பிக் காட்டும் முறையும் அவருடையதுதான். நகலை வேறொரு கணினியில் இறக்கிவிட்டு உரிமையாளரைக் கூப்பிடுவார்: "உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணக் கேளுங்க." ஏலக்கூடத்துக்காரர் ஒருவர், பத்து வருடத்துக்கு முன் தன் மைத்துனர் பொய் எடை சொல்லி விற்ற சூரை மீனைக் கேட்டார். கிடைத்தது. மைத்துனர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் மூன்றாம் நாள், மதியம் இரண்டு மணி. மலைமேல் இருக்கும் அஸ்திக் கோபுரத்துக்கு அவரோடு, எடுபிடி வேலைக்கு, நானும் போயிருந்தேன். இரண்டாம் தளத்தில் சர்வர் அறை. அதன் மூன்று சுவர்களுக்கும் அப்பால் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்னக் கதவுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஜாடி. ஏசியின் குளிரோடு ஊதுபத்தி வாசனையும் வந்தது.

ஐந்தாவது எந்திரத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று போய்விட்டது. மற்றது, நகத்தால் யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது.

"பாக்கத்தான் கூப்பிட்டேன், தொடக் கூடாது," என்றார் மேலாளர் வெங். அறுபது வயதுக்காரர். "அண்ணன்மாரெல்லாம் வெளிய வந்திருக்காங்க." இந்த மாதம் பாதாளக் கதவு திறந்து வெளியே வரும் ஆவிகளை யாரும் வேறு பெயரால் சொல்வதில்லை.

"அவங்க வெளிய போயிட்டா உள்ள எடம் காலிதானே அண்ணே? இப்பத்தான் வேலைக்கு வசதி."

வெங் சிரிக்கவில்லை.

யுவே-சியா பேக்கப் பட்டியலைத் திறந்தார். எல்லாம் பச்சை. விரல் விட்டு எண்ணினார். அலமாரியைப் பார்த்து மறுபடி எண்ணினார். அலமாரியில் ஐந்து எந்திரம். பட்டியலில் நான்கு பெயர்.

மூன்றாம் சர்வரின் வரியை மட்டும் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதன் முகவரி மாறியது. ஒரு நொடி இங்கே, மறு நொடி அங்கே.

"ஒருத்தர் பேரக் கூப்பிட்டா ரெண்டு பேர் திரும்பிப் பாக்கறாங்க," என்றார் மெதுவாக.

போன வருடம் ஏழாம் மாதம் பிறக்கும் முன் முடித்துவிடும் அவசரத்தில், மூன்றாம் எந்திரத்தை அப்படியே படியெடுத்து ஐந்தாவதைச் செய்திருக்கிறார்கள். குட்டி நிரலும் அதன் அடையாள எண்ணும் சேர்ந்தே படியெடுக்கப்பட்டுவிட்டன. மென்பொருளுக்கு இரண்டும் ஒரே ஆள். நகல்களைத் திறந்தால் அத்தனையும் மூன்றாவதன் தகவல். ஐந்தாவதை யாரும் ஒருநாளும் நகலெடுக்கவில்லை.

"அஞ்சாவதுல என்ன இருக்கு?"

"பழைய இடுகாட்டத் தோண்டி எடுத்தது. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு ஜாடி. ஜாடி மேல நம்பர் மட்டுந்தான். பேரெல்லாம் இதுக்குள்ள."

"காகிதம்?"

"பேரு எழுதின காகிதத்தக் குப்பையில போட முடியுமா? ஏத்தி முடிச்சதும் மரியாதையா உலையில எரிச்சோம். நாந்தான் எரிச்சேன்."

யுவே-சியா தட்டிக்கொண்டிருந்த டிஸ்க்கை விரலால் காட்டினார்.

"அண்ணே, இது நின்னுட்டா அடுத்த வருஷம் சோறு வெச்சு யாரு பேரச் சொல்லிக் கூப்பிடுவீங்க? நம்பரையா?"

வெங் கீழே போய், பூசை மேசையிலிருந்து, அண்ணன்மாரிடம் சம்மதம் கேட்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் எடுத்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் வயிறு தட்டை, முதுகு வளைவு; முதுகு மேலே தெரிந்தால் குப்புற. ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. மூன்று முறை தொடர்ந்து சம்மதம் வரவேண்டும். குறைந்தால் கைவைக்கக் கூடாது.

முதல் வீச்சு சம்மதம். இரண்டாவதும் சம்மதம். மூன்றாம் வீச்சில் ஒரு கட்டை வெங்கின் காலடியில் குப்புற விழுந்தது. மற்றது வழுக்கிக்கொண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

வெங்குக்கு மூட்டுவலி, குனிய முடியாது. யுவே-சியா டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தார். நானும் படுத்தேன். தூசிக்குள், கேபிள்களுக்குப் பின்னால், கட்டையின் வளைந்த முதுகு தெரிந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் வெங் மேலிருந்து.

"மல்லாந்து கிடக்கு. சம்மதந்தான்." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு விசைப்பலகை முன் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஐந்தாவதன் பழைய அடையாளத்தை அழித்தார். புதிய எண் கொடுத்தார். பட்டியலில் ஐந்தாம் வரி பிறந்தது. நகலெடுக்க நாற்பது நிமிடம். தட்டும் சத்தம் அடிக்கடி கேட்க ஆரம்பித்தது. முடிந்ததும் நகலைத் தன் மடிக்கணினியில் இறக்கினார்.

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு."

வெங் திரையருகே வந்தார். "கிழக்கு வரிசை, இருநூத்திப் பன்னெண்டு."

திரையில் வந்தது: வெங் பாவோ-துவான். பெண். மணமாகாதவர். வயது பத்தொன்பது.

"எங்கப்பாவோட தங்கச்சி. கல்யாணம் ஆகாம செத்த பொண்ணுங்களுக்கு வீட்டுப் பூசையில எடம் கிடையாதே. என்னை விட்டா இவங்களத் தெரிஞ்சவங்க யாருமில்ல."

வெங் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றிருந்தபோது தட்டும் சத்தம் நின்றது. ஐந்தாவது எந்திரத்தில் இரண்டாவது ஆரஞ்சு விளக்கும் எரிந்தது. அறையில் இரைச்சல் ஒரு படி இறங்கியது. தொட்டதால் நின்றதா, தொடாவிட்டாலும் நின்றிருக்குமா என்று நான் கேட்கவில்லை.

"முழு மனசோட சம்மதிச்சிருக்காங்க, பாரு," என்றார் வெங். நன்றிக்கு ஊதுபத்தி ஏற்றக் கிளம்பியவர் வாசலில் நின்றார். "அந்தக் கட்டை?"

"எடுத்து வெக்கறேன், நீங்க போங்க அண்ணே."

அவருடைய காலடிச் சத்தம் படியில் தேய்ந்து மறையும்வரை யுவே-சியா காத்திருந்தார். பிறகு தரையில் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். இந்த முறை டார்ச் கேட்கவில்லை. இருட்டுக்குள்ளேயே விரலால் தடவி, கட்டையை மல்லாத்தி வைத்துவிட்டு, அப்படியே மெதுவாக வெளியே இழுத்தார்.