மார்கழியில் மக்கர் செய்த உலோகம்

சென்னையில் மார்கழி பிறந்தால் குளிர் வருகிறதோ இல்லையோ, குரங்குக் குல்லா வந்துவிடும். அது ஜஹனாராவின் ஆராய்ச்சிக்கே உலை வைக்கும் என்று யார் கண்டார்கள்?

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நாற்பது வயதில், விட்ட படிப்பை எட்டிப் பிடித்தவர் ஜஹனாரா. தினமும் மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி அடையாறு ஆய்வுக்கூடம். நிக்கல், மாங்கனீசு, காலியம் சேர்த்து உருக்கிய தீக்குச்சி அளவுத் தண்டு ஒன்றுதான் அங்கே அவருடைய சொத்து. குளிர்ந்திருந்தால் அதன் அணு அடுக்குகள் ஒருக்களித்துப் படுத்திருக்கும். காந்தம் கூப்பிட்டால் புரண்டு படுக்கும், தண்டு நீண்டு ஒரு ஊசியைத் தள்ளும். கொஞ்சம் சூடேறினால் போதும், அடுக்குகள் விறைத்து நிமிர்ந்துவிடும். பிறகு காந்தமாவது ஒன்றாவது! தி.நகரில் தையல் கடை நடத்தும் கணவர் ஷாஹுல் ஹமீது, தன் கடை ஊசி இதைவிட வேகமாக நகர்கிறதே என்பார்.

ஜஹனாராவுக்கு இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கொடுப்பதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று முடிவு செய்ய அன்று பேராசிரியர் செம்பியன் வந்தார். குல்லாவோடு வந்தார். ஐஸ் மிதக்கும் நன்னாரி சர்பத்தை நீட்டியதும், பார்த்தே தும்மினார். முதல் காரியமாக ஏசியை அணைக்கச் சொன்னார்.

காந்தத்தை இயக்கினால் ஊசி அசையவில்லை. ஜஹனாராவுக்கு வியர்த்தது, தண்டுக்கும் அதே வியாதிதான்.

"சார், ஏசி இல்லாம அது அசையாது."

"ஏசி இருந்தா நான் அசைய மாட்டேம்மா."

சண்டை போடுகிற ஆளா ஜஹனாரா? மேஜையில் சீண்டுவாரற்றுக் கிடந்த இரண்டு சர்பத் டம்ளர்கள் கண்ணில் பட்டன. தண்டு உட்கார்ந்திருந்த செப்புத் தகட்டின் மறுமுனையை ஒரு டம்ளருக்குள் விட்டார். ஐஸின் குளிர் தகடு வழியே ஏறியது. சற்று நேரத்தில், பளபளவென்றிருந்த தண்டின் மேல் மெல்லிய கோடுகள் ஓடின. அடுக்குகள் சாய்ந்துவிட்டன. மறுபடி காந்தத்தை இயக்கினார். ஊசி நகர்ந்தது.

செம்பியன் குல்லாவைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"ஒரு வருஷம் தரேன். ஆனா அடுத்த மார்கழிக்கு இது ஏசி இல்லாம ஆடணும்."

"மாங்கனீசைக் கொஞ்சம் கூட்டணும் சார். அப்ப நம்ம ஊர் சூட்டையும் தாங்கும்."

தலையாட்டியபடி கையெழுத்திட்டார். பிறகு மேஜையிலிருந்த இன்னொரு டம்ளரைத் தொட்டுப் பார்த்து, ஐஸ் கரைந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, சர்பத்தைக் குடித்தார்.